51 ஆயிரமா, 4 லட்சமா: மைசூர் யெட்டிக்கு வரிக் கணக்குப் போட்ட கதை

போன வருடம் மைசூரில் ஒரு ஸ்கோடா யெட்டி விலைக்கு வந்தது. 2013 மாடல், டீசல், நான்கு சக்கரமும் இழுக்கும். விலை 4.25 லட்சம். கோத்தகிரியில் எங்கள் தோட்டத்துக்கு இறங்கும் பாதை மழைக்காலத்தில் சேறாகிவிடும். சாதாரணக் கார் அங்கே மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கும். அதனால் இந்த வண்டி மேல் ஒரு கண் இருந்தது. குன்னூரில் எங்கள் மெக்கானிக் தம்பியிடம் கேட்டேன். "பேரே எட்டிங்கண்ணா. எட்டி பழுத்தா என்ன, பழுக்காட்டி என்ன? ஒரு பார்ட்ஸுக்குக் கோயமுத்தூர் ஓடணும்" என்றான். நான் கேட்கவில்லை.

வண்டியைக் கர்நாடகாவின் கேஏ நம்பரிலேயே ஓட்டலாம் என்ற எண்ணம் முதலில் இருந்தது. வேறு மாநில வண்டி 12 மாதத்துக்கு மேல் இங்கே இருந்தால் புது நம்பர் வாங்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு. ஒரு வருடம் இருக்கிறதே, அப்புறம் பார்க்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வர இ-பாஸ் வேண்டும், நீலகிரியில் பதிவான டிஎன் 43 வண்டிகளுக்கு விலக்கு. மேட்டுப்பாளையத்தில் காய்கறி வாங்கிவிட்டு வீடு திரும்பும் ஆளிடம் குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் "டூரிஸ்டா சார்?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? சரி, நம்பரை மாற்றிவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

நம்பர் மாற்றினால் இங்கே ஆயுள் வரி கட்ட வேண்டும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அது எவ்வளவு வரும் என்று தெரிந்துகொள்ள நினைத்தேன். அங்கே ஆரம்பித்தது தலைவலி.

வண்டியைக் காட்டிய புரோக்கர் கால்குலேட்டரைத் தட்டி 51 ஆயிரம் என்றார். எப்படி என்றால், 4.25 லட்சத்துக்கு 12 சதவீதம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாறிய ஆயுள் வரி விகிதப்படி புதுக் காருக்கு 5 லட்சம் வரை 12, 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். பட்டியல் சரிதான், எந்த விலைக்குப் போடுகிறோம் என்பதுதான் தப்பு. நான் என்ன விலைக்கு வாங்கினேன் என்பதை வைத்து வரி போடுவதில்லை. அந்த வண்டி புதிதாக விற்றபோது என்ன விலையோ அதுதான் கணக்கு. அதன்மேல் வண்டியின் வயதுக்கு ஏற்ப விகிதம் குறையும். மார்க்கெட்டில் விலை விழும் வேகத்தில் விகிதம் விழாது. பழைய உயர்ரக வண்டி வாங்குபவர்கள் அடிபடுவது இந்த இடத்தில்தான்.

அடுத்து நானே கணக்குப் போட்டேன், அது இன்னும் மோசம். பழைய விளம்பரம் ஒன்றில் ஆன்-ரோடு விலை 21 லட்சம் என்று இருந்தது. 20 லட்சத்துக்கு மேல் என்பதால் 20 சதவீதம் என்று போட்டால் 4.20 லட்சம்! காருக்கு ஒரு கார் விலை வரியா என்று இரவு தூக்கமே வரவில்லை. இதில் இரண்டு தப்பு. ஆன்-ரோடு விலைக்குள் அப்போதைய வரியும் இன்ஷூரன்ஸும் அடங்கியிருக்கும். வரிக்கு வரி போட்டு, அதனாலேயே வண்டியை மேல் படிக்கும் ஏற்றிவிட்டேன். வயதுக் குறைப்பையும் விட்டுவிட்டேன்.

மாருதியோ ஹூண்டாயோ என்றால் அந்த வருட விலை யாராவது ஒருவர் நினைவில் இருக்கும். யெட்டிக்கு அது நடக்காது. விற்பவரிடமும் முதல் இன்வாய்ஸ் இல்லை. அவர் இரண்டாவது ஓனர். ஆனால் ஃபைலைப் புரட்டியபோது 2013இல் எடுத்த முதல் இன்ஷூரன்ஸ் பாலிசி, ஓரம் பழுப்பேறி, பல்லி எச்சத்தோடு கிடைத்தது. அதில் ஐ.டி.வி., அதாவது இன்ஷூரன்ஸுக்காகப் போடும் வண்டி மதிப்பு, 16,15,000 ரூபாய். புது வண்டிக்கு முதல் ஆறு மாதத்துக்கு 5 சதவீதம் தேய்மானம் கழித்துத்தான் ஐ.டி.வி. போடுவார்கள். 16,15,000ஐ 0.95ஆல் வகுத்தால் சரியாக 17 லட்சம். பேப்பரில் அந்த எண் பிசிறில்லாமல் வந்து நின்றபோது பள்ளிக்கூடத்தில் கணக்கு விடை சரியாக வந்த சந்தோஷம். அப்புறம் மைசூர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பி-ரிஜிஸ்டர் என்கிற வண்டிப் பதிவேட்டின் நகல் வாங்கிச் சரிபார்த்தோம், விற்பனைத் தொகை ஒத்துப்போனது. ஆக, என் வண்டி 10 முதல் 20 லட்சம் படியில்தான் வருகிறது.

அதை வைத்து வயதுக்கான விகிதத்தைப் போட்டபோது வரி இரண்டு லட்சத்தைச் சுற்றி வந்தது. வாங்கும் விலையில் ஏறத்தாழ பாதி. இதை விற்பவரிடம் காட்டிப் பேசியதில் 20 ஆயிரம் குறைத்தார். கர்நாடகாவில் கட்டிய ஆயுள் வரியில் திரும்பக் கிடைப்பது எனக்கே என்று ஒரு தாளில் எழுதியும் வாங்கிக்கொண்டேன்.

பேப்பர் வேலை அலைச்சல்தான், புதிர் ஒன்றும் இல்லை. அங்கே என்.ஓ.சி. என்கிற ஆட்சேபணை இல்லை சான்றுக்குப் படிவம் 28, பெயர் மாற்றத்துக்கு 29, 30. இங்கே புது நம்பருக்கு 27. என்னைப் படுத்தியது சேசிஸ் நம்பரின் பென்சில் பிரிண்ட்தான். இங்கே இன்ஸ்பெக்‌ஷன் அன்று எடுக்கும்போது நல்ல மூடுபனி. பானட்டைத் திறந்து நம்பர் மேல் பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் ஈரத்தில் பேப்பர் கிழிகிறது. இரண்டாவது பேப்பரும் கிழிந்தது. மெக்கானிக் தம்பி தன் மப்ளரை அவிழ்த்து இரும்பைத் துடைத்து, கையை வைத்துச் சூடாக்கி, மூன்றாவது தடவை எடுத்தான். 17 எழுத்தும் விழுந்தன. இன்ஸ்பெக்டர் டார்ச் அடித்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். கொண்டுபோன இன்ஷூரன்ஸ் கணக்கு யாருக்கும் தேவைப்படவில்லை. பி-ரிஜிஸ்டர் நகலை வைத்தே வரி போட்டார்கள். தொகை நான் போட்டதிலிருந்து சில நூறு ரூபாய்தான் தள்ளி இருந்தது.

புது ஆர்.சி. வந்ததும் அதன் நகலை வைத்து மைசூருக்கு ரீஃபண்ட் விண்ணப்பம் போட்டேன். இன்னும் பணம் வரவில்லை. டிஎன் 43 நம்பரோடு முதல் தடவை மேட்டுப்பாளையம் போய்த் திரும்பினேன். குஞ்சப்பனையில் இ-பாஸ் கேட்கவில்லை. டிக்கியைத் திறக்கச் சொல்லி, பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள்.