நூறு இலக்கங்களும் ஒரு கேள்வியும்

இளங்கலைக் கணிதம் இரண்டாம் ஆண்டு படித்தபோது, மார்ச் 14 அன்று எங்கள் துறையில் நடந்த பை (π) தினப் போட்டியில் அந்த எண்ணின் நூறு தசம இலக்கங்களைத் தடுமாறாமல் ஒப்பித்து, ஓர் எவர்சில்வர் டப்பாவைப் பரிசாக வாங்கினேன். பரிசளித்த பேராசிரியை, "22/7 பையைவிடப் பெரியதா, சிறியதா? வகுத்துப் பார்க்காமல் சொல்லுங்கள்" என்றார். விழித்தேன்.

அவர் கரும்பலகையில் விளக்கியது ஒரு தொகையீடு (integral). ஒரு மாறியின் நான்காம் அடுக்கையும், 1இலிருந்து அம்மாறியைக் கழித்ததன் நான்காம் அடுக்கையும் பெருக்கி, மாறியின் வர்க்கத்துடன் 1ஐக் கூட்டியதால் வகுத்து, 0 முதல் 1 வரை தொகையிட்டால், சரியாக 22/7 கழித்தல் பை கிடைக்கிறது. அந்தச் சார்பு அவ்விடைவெளியில் எங்கும் குறையெண் ஆவதில்லை. எனவே 22/7 பெரியது. நான் மனப்பாடம் செய்த இலக்கங்களில் ஒன்றுகூட இதற்குத் தேவைப்படவில்லை.

முதுகலைச் சேர்க்கைக்கான ஜாம் (JAM) தேர்வுக்கு நான் படித்த முறை அதன்பின் மாறியது. தொடர்கள் பகுதி முழுவதையும், 14ஆம் நூற்றாண்டுக் கேரளக் கணித அறிஞர் மாதவரின் பெயரால் வழங்கும் ஒரே தொடரை வைத்துப் படித்தேன். 1இலிருந்து 1/3ஐக் கழித்து, 1/5ஐக் கூட்டி, 1/7ஐக் கழித்து என்று போனால் பையின் கால் பங்கு வரும் என்பது பாடநூலில் ஒரு வரி. ஆனால் நூறு உறுப்புகளைக் கூட்டி நான்கால் பெருக்கியும் 3.1316தான் வந்தது என்று கண்டபோதுதான், ஒருங்குதல், அதாவது கூட்டல் ஒரு மதிப்பை நெருங்கிச் செல்வது வேறு, விரைவாக ஒருங்குதல் வேறு என்பது உறைத்தது. ராமானுஜன் 1914இல் வெளியிட்ட தொடர் ஒன்றில் ஒவ்வோர் உறுப்பும் ஏறத்தாழ எட்டு இலக்கங்களைத் தருகிறது.

தேர்வு மூன்று மணி நேரம், 60 வினாக்கள், 100 மதிப்பெண். ஒரே விடையைத் தேர்ந்தெடுக்கும் 30 வினாக்களில் தவறுக்கு மதிப்பெண் கழியும். ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கக்கூடிய பத்து வினாக்களில் கழிவில்லை, ஆனால் பாதி சரிக்கு மதிப்பெண்ணும் இல்லை. மனப்பாடம் காலை வாருவது இங்கேதான். ஒவ்வொரு தேற்றத்தையும் படித்தவுடன், அதன் நிபந்தனைகளில் ஒன்றை நீக்கி, எங்கே உடைகிறது என்று எதிர்க்காட்டு தேடி ஒரு நோட்டில் எழுதிவந்தேன். கடைசி மாதத்தில் அந்த நோட்டைத் தவிர வேறு எதையும் நான் புரட்டவில்லை.

"கணிதம் படித்தால் பி.எட். தானே" என்று என் வீட்டிலும் கேட்டார்கள். ஆசிரியப் பணி நல்ல பணிதான்; ஆயினும் காப்பீட்டுக் கணிப்பியல், குறியாக்கவியல், தரவு அறிவியல் ஆகியவற்றுக்கும் இதே படிப்புதான் வாசல். ஆராய்ச்சியை விரும்புவோருக்குத் தரமணியில் கணித அறிவியல் நிறுவனமும் சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் கழகமும் உள்ளன. இவற்றின் சேர்க்கை முறைகள் வெவ்வேறு என்பதால், இரண்டாம் ஆண்டிலேயே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். நான் மூன்றாம் ஆண்டு டிசம்பரில்தான் விசாரிக்கத் தொடங்கினேன்.