பதினைந்து டாலர் விண்டோஸ்

22 ஜனவரி 2009, வியாழன், பெல்வியூ (மைக்ரோசாஃப்ட் தலைமையகத்துக்குப் பக்கத்து ஊர்)

சந்தை திறக்கும் முன்பே மைக்ரோசாஃப்டின் காலாண்டுக் கணக்கு வந்துவிட்டது. மொத்த வருவாய் 2 சதவீதம் ஏறியிருக்கிறது, விண்டோஸ் பிரிவில் மட்டும் 8 சதவீதம் இறக்கம். ஒன்றரை ஆண்டுக்குள் 5,000 பேர் வரை வேலை இழப்பார்கள், அதில் 1,400 பேர் இன்றைக்கே. பங்கு 17 டாலருக்கு வந்து நின்றது. எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு அந்தச் சம்பளம்தான் சோறு. மாலையில் யார் வீட்டுக் கதவையும் தட்ட மனம் வரவில்லை.

24 ஜனவரி, சனி

மைக்ரோசாஃப்ட் பங்கு வைத்திருக்கும் நால்வரும் எங்கள் வீட்டில் கூடினோம். எதிர்வீட்டு அண்ணன் விற்றுவிடலாம் என்கிறார். "தம்பி, நெட்புக் என்கிற இந்தச் சின்ன மலிவு மடிக்கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளம் இலவசமாக வருகிறது. இலவசத்தோடு எவன் மோதி ஜெயித்தான்?" மாமா அசையவில்லை. "ஜனங்கள் பழகியதைத்தான் கேட்பார்கள் மாப்பிள்ளை, விலை பார்க்க மாட்டார்கள்." காபி ஆறிப்போகும்வரை இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு இருவர் சொல்வதும் சரியாகவே பட்டது. அதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

31 ஜனவரி, சனி

கடைக்கே போய்ப் பார்த்துவிட்டேன். மேசையில் ஐந்து நெட்புக்குகள் இருந்தன. திறந்தால் இரண்டு உள்ளங்கை அகலம்தான், விசைகள் அவ்வளவு நெருக்கம். என் பெயரைத் தட்டுவதற்குள் இரண்டு பிழை. ஐந்திலும் பழைய விண்டோஸான எக்ஸ்பி. 2007இல் ஆசுஸ் இந்த வகையை ஈ பிசி என்று கொண்டுவந்தபோது உள்ளே லினக்ஸ்தான் இருந்தது. இன்று அந்த மேசையில் லினக்ஸுக்கு இடமே இல்லை. மாமா ஜெயித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டே வண்டியை எடுத்தேன்.

25 ஏப்ரல், சனி

மாமா ஜெயிக்கவில்லை.

அமெரிக்கக் கடைகளில் விற்கும் நெட்புக்குகளில் 96 சதவீதம் விண்டோஸ் என்று கம்பெனி இந்த மாதம் மார்தட்டியது. அதே மாதம் வந்த காலாண்டுக் கணக்கில் மொத்த வருவாய் 6 சதவீதம் குறைவு. பங்குச் சந்தைக்கு வந்த 23 ஆண்டுகளில் முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட வருவாய் குறைந்தது இதுவே முதல் முறை. விண்டோஸ் பிரிவில் 16 சதவீதம் இறக்கம். களத்தில் எதிரியே இல்லாதபோது பணம் எங்கே போயிற்று? விடை ஒரு பத்திரிகைச் செய்தியில் கிடைத்தது. புதிய விண்டோஸான விஸ்டா உள்ள கணினிக்கு 50, 60 டாலர் வாங்கும் கம்பெனி, நெட்புக் எக்ஸ்பிக்குத் தள்ளுபடி போக 15 டாலருக்கும் குறைவாகத்தான் வாங்குகிறதாம். தயாரிப்பாளர் கையில் லினக்ஸ் என்ற மாற்று இருந்ததே போதும், பேரத்தில் விலை படிந்துவிட்டது. லினக்ஸ் தோற்றுப்போயும் கல்லாவில் கை வைத்துவிட்டது. இதை நாங்கள் நால்வருமே பார்க்கத் தவறினோம். எத்தனை விற்றது என்றே எண்ணிக்கொண்டிருந்தோம்.

30 மே, சனி

அடுத்து வரப்போகும் விண்டோஸ் 7இன் மலிவுப் பதிப்பான ஸ்டார்ட்டரில் ஒரே நேரத்தில் மூன்று நிரல்களுக்கு மேல் திறக்க முடியாது என்று வைத்திருந்த தடையை எடுத்துவிட்டார்கள். நல்ல முடிவு. வாங்குபவரின் கையைக் கட்டி, அவிழ்ப்பதற்குக் காசு கேட்பது வியாபாரம் ஆகாது. ஆனால் பங்குக்காரனாகப் பார்த்தால், விலையை ஏற்ற வைத்திருந்த ஏணி ஒன்று போயிற்று.

8 ஜூலை, புதன்

கூகுளும் இறங்கிவிட்டது. குரோம் ஓஎஸ் என்ற இயங்குதளம், முதலில் நெட்புக்குகளுக்கு, அதுவும் இலவசம். கருவிகள் வர அடுத்த ஆண்டு பிற்பாதி ஆகும். இந்த முறை மாமாவே போன் செய்தார்.

24 ஜூலை, வெள்ளி

விண்டோஸ் பிரிவு 29 சதவீதம் இறக்கம். பங்கு இன்று 8 சதவீதம் சரிந்தது. அண்ணன் விற்றுவிட்டார். நான் விற்கவில்லை. விண்டோஸ் 7ஐயாவது சரியாகச் செய்திருக்கிறார்கள் என்று நம்புகிறேன், அதன் சோதனைப் பதிப்பைப் பயன்படுத்திய பிறகு வந்த நம்பிக்கை.

28 ஜனவரி 2010, வியாழன்

விண்டோஸ் 7 உரிமங்கள் 6 கோடிக்கு மேல் விற்றுவிட்டன. காலாண்டு வருவாய் 1,902 கோடி டாலர், இதுவரை காணாத உச்சம். ஓராண்டுக்குப் பிறகு தெருவில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அண்ணனிடம் சொன்னேன். மகிழ்ந்தார், பிறகு கேட்டார்: "நேற்று ஸ்டீவ் ஜாப்ஸ் காட்டிய ஐபேடில் உங்களுக்கு எத்தனை டாலர் வரும் தம்பி?"

சனிக்கிழமை எல்லோரையும் வரச்சொல்லியிருக்கிறேன்.