‘நிலையாக இருக்கிறது’

தொலைபேசியில் சிறுநீரகம் பொருத்தும் மருத்துவர் கேட்டது ஒரே கேள்விதான்: “குறைகிறதா?” நான் சொன்னதும் ஒரே விடைதான்: “நிலையாக இருக்கிறது, டாக்டர்.” இரண்டும் சேர்ந்து ஐந்து விநாடிகூட ஆகியிருக்காது. அதன் பிறகு அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், “அப்படியானால் வேண்டாம் என்றே நினைக்கிறேன்” என்றார். ஒரு வலது சிறுநீரகத்தின் விதி ஏறக்குறைய அத்துடன் முடிந்தது. இரண்டு ஆண்டுகளாகியும் அந்த ஐந்து விநாடிகள் என்னை விடவில்லை.

அவர் கேட்டது தடை எண்ணைப் பற்றி. கொடையாளரிடமிருந்து எடுத்து, பொருத்தும் வரை காக்கப் பம்பில் வைத்த சிறுநீரகத்தின் தமனிக்குள் குளிர்ந்த கரைசல் ஓடிக்கொண்டே இருக்கும். செலுத்தும் அழுத்தத்தை, நிமிடத்துக்கு எத்தனை மில்லி லிட்டர் ஓடுகிறது என்ற கணக்கால் வகுத்து, ரத்தக்குழாய்கள் எவ்வளவு எதிர்க்கின்றன என்பதை எந்திரம் ஓர் எண்ணாகத் திரையில் காட்டும். அன்று அழுத்தம் 30 மில்லி மீட்டர் பாதரசம். முதல் மணி நேர முடிவில் ஓட்டம் 60 மில்லி லிட்டர், எனவே தடை 0.50. இரண்டாம் மணி நேர முடிவில் 64, அதாவது 0.47. மூன்றாவதில் 66, அதாவது 0.45. அப்போதுதான் அழைப்பு வந்தது.

எண்களை இப்படி வரிசையாக எழுதிப் பார்த்தால் பள்ளிப் பிள்ளைகூடக் ‘குறைகிறது’ என்றுதான் சொல்லும். நான் ஏன் அப்படிச் சொல்லவில்லை? எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்ட நியாயம் இது: எங்கள் வேலையில் ‘குறைகிறது’ என்ற சொல்லுக்கு அகராதிப் பொருளை விடக் கொஞ்சம் கூடுதலான பொருள் உண்டு. நல்ல சிறுநீரகம் பம்பில் ஏறிய முதல் ஓரிரு மணி நேரத்திலேயே, இறுகியிருந்த குழாய்கள் தளர்ந்து, எண் சரசரவென்று இறங்கி 0.2-ஐ ஒட்டி நின்றுவிடும். அந்த இறக்கத்தைப் பலமுறை பார்த்துப் பழகிய கண்ணுக்கு 0.47-இலிருந்து 0.45-க்கு வருவது அசைவாகவே படுவதில்லை. எனவே நான் பொய் சொல்லவில்லை. அனுபவத்தின் மொழியில் பேசினேன். இந்த நியாயம் பகலில் நன்றாகவே நிற்கிறது.

இரவில் வேறொன்று நினைவுக்கு வரும். இரண்டாம் மணி நேரத்தில் நான் அந்தச் சிறுநீரகத்தைச் சற்றே திருப்பி வைத்தேன். வலது சிறுநீரகத்தின் சிரை குட்டையானது, தமனி நீளமானது. உடலுக்குள் அந்தத் தமனி கீழ்ப்பெருஞ்சிரைக்குப் பின்புறமாகச் சென்று சிறுநீரகத்தை அடைகிறது. வெளியே எடுத்துக் கேனுலா என்ற இணைப்புக் குழாயில் பொருத்தித் தட்டில் கிடத்தும்போது அந்த நீளமே தொல்லையாகி, தமனி லேசாக மடங்கிக்கொள்வதுண்டு. மடங்கினால் ஓட்டம் குறையும், தடை எண் ஏறும். அந்த எண் சிறுநீரகத்தைப் பற்றி எதுவும் சொல்லாது, அதைக் கிடத்திய கையைப் பற்றித்தான் சொல்லும். திருப்பி வைத்த பிறகே 0.50 என்பது 0.47 ஆயிற்று. குழாய்கள் தளர்ந்ததால் இறங்கியதா, மடிப்பு நீங்கியதால் இறங்கியதா? மடிப்புத்தான் காரணம் என்றால் முதல் மணி நேர எண் செல்லாத எண். அப்போது என் கையில் உண்மையில் இருந்தவை இரண்டே அளவீடுகள். இரண்டு புள்ளிகளை வைத்துக்கொண்டு நிலையாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, குறைகிறது என்றும் சொல்ல முடியாது. “இன்னும் இரண்டு மணி நேரம் பொறுங்கள், டாக்டர்” என்பதுதான் நேர்மையான விடையாக இருந்திருக்கும். அது அப்போது என் வாயில் வரவில்லை.

ஆனால் பொறுங்கள் என்று சொல்வது எங்கள் வேலையில் எளிதன்று. ரத்த ஓட்டம் நின்றதுமே செல்களின் ஆற்றல் இருப்பு கரையத் தொடங்குகிறது. சோடியத்தை வெளியேற்றும் இயக்கம் தளர்கிறது. உப்பும் அதைத் தொடர்ந்து நீரும் உள்ளே புகுந்து செல் வீங்குகிறது. 4 டிகிரிக்குக் குளிர்வித்தால் செல்லின் தேவை ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது; அந்த ஒரு பங்கு நிற்பதில்லை. குளிர் அழிவைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. கூடும் ஒவ்வொரு மணி நேரமும் பெறுபவரின் உடலில் கணக்குக் கேட்கும் என்று தெரிந்த ஒரு மருத்துவரிடம், நோயாளியை வரவழைக்கலாமா வேண்டாமா என்று அவர் காத்திருக்கும் நேரத்தில், “பொறுங்கள்” என்பது விடை தெரியாதவனின் சாக்காகத்தான் ஒலிக்கும். அப்படி ஒலித்துவிடக் கூடாது என்ற எண்ணமும் அந்த ஐந்து விநாடிகளில் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். உறுதியாக ஒரு சொல் சொல்பவனைத்தான் மறுபடியும் கேட்பார்கள்.

இதில் என்னை அதிகம் தொந்தரவு செய்வது இடது சிறுநீரகம். அதே கொடையாளர், அறுபதைக் கடந்தவர், நெடுநாள் ரத்த அழுத்தம் உள்ளவர். சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் கூடும் கிரியாட்டினின் கடைசி நாளில் சற்று ஏறியிருந்தது. எங்களிடம் அன்று இருந்தது ஒரே பம்ப். தொலைவுக்குச் செல்ல வேண்டிய வலது சிறுநீரகத்துக்கு அதைக் கொடுத்துவிட்டு, அருகில் பொருத்தப்படவிருந்த இடதைக் கரைசல் நிறைந்த உறையிலிட்டு, அதன்மேல் இரண்டு உறைகள் போட்டு, பனிக்கட்டி நேரடியாகப் பட்டுத் திசு உறைந்துவிடாதபடி பெட்டியில் வைத்து அனுப்பினோம். பெட்டிக்குத் திரை கிடையாது, எண்ணும் கிடையாது. பெற்றுக்கொண்டவர்கள் திறந்து பார்த்தார்கள், நிறத்தையும் மென்மையையும் தொட்டு உணர்ந்தார்கள், பொருத்தினார்கள். அறுவை மேசையிலேயே சிறுநீர் வந்தது என்று மறுநாள் செய்தி வந்தது.

இடதையும் பம்பில் வைத்திருந்தால் அதுவும் 0.45 காட்டியிருக்குமோ, அதையும் வேண்டாம் என்றிருப்பார்களோ என்ற கேள்விக்கு விடை இல்லை. இரண்டு சிறுநீரகங்களும் ஒரே உடலில் இருந்தவை என்பதால் ஒன்றைப் போலவே மற்றொன்றும் இருக்க வேண்டும் என்பதில்லை. தமனி அடைப்பு ஒரு பக்கம் மட்டும் இருக்கலாம். இதை நானும் பிறருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இருந்தாலும், அளக்கப்படாததால் ஒன்று தப்பியது, அளக்கப்பட்டதால் மற்றொன்று போயிற்று என்ற எண்ணம், தர்க்கத்துக்கு ஒவ்வாதது என்று தெரிந்தும், வந்து வந்து போகிறது.

பம்பின் பக்கம் நின்று பேசியவன் நான் என்பதால் இது கூடுதலாக உறுத்துகிறது. பம்ப் புதிதன்று, 1960-களின் இறுதியிலேயே அறுவை மருத்துவர் பெல்சர் மனிதச் சிறுநீரகத்தை எந்திரத்தில் ஓட்டிக் காத்துப் பொருத்திக் காட்டினார். 1969-இல் காலின்ஸும் அவர் குழுவினரும், செல்லின் உள்நீரைப் போலப் பொட்டாசியம் மிகுந்த கரைசலால் அலசிப் பனியில் வைத்தாலே போதும் என்று காட்டியதும், விலையும் எடையும் குறைந்த பெட்டி வென்றுவிட்டது. வேடிக்கை என்னவென்றால், 1980-களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சக ஆய்வாளர் சதர்டுடன் சேர்ந்து பெட்டிக்கான மிகச் சிறந்த கரைசலை உருவாக்கியவரும் அதே பெல்சர்தான். பம்ப் மீண்டும் தலைநிமிர்ந்தது 2009-இல். 336 கொடையாளர்களின் சிறுநீரக ஜோடிகளில் ஒன்றைப் பம்பிலும் மற்றதைப் பெட்டியிலும் வைத்த ஐரோப்பிய ஆய்வில், பொருத்திய முதல் வாரத்தில் டயாலிசிஸ் தேவைப்படும் தாமதச் செயல்பாடு பெட்டியில் 26.5 விழுக்காடும் பம்பில் 20.8 விழுக்காடும் இருந்தது. இந்த இரண்டு எண்களையும் காட்டித்தான் நான் பம்புக்காக வாதாடியிருக்கிறேன். அதே ஆய்வின் சிறுநீரகங்களை வைத்து 2011-இல் வந்த இன்னொரு கட்டுரை, தடை எண்ணுக்கும் பிந்தைய செயல்பாட்டுக்கும் தொடர்பு உண்டு, ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பி ஒரு சிறுநீரகத்தை ஒதுக்கும் அளவுக்கு அதன் கணிப்பு வலுவானதன்று என்றது. அதையும் நான் படித்திருந்தேன். தொலைபேசி ஒலித்தபோது அது நினைவில் இல்லை என்று சொல்ல முடியாது. கேட்கப்படாததைச் சொல்லும் வழக்கம் எனக்கு அப்போது இல்லை.

அவர் எண்ணை மட்டும் நம்பினார் என்றும் சொல்வதற்கில்லை. வயது, ரத்த அழுத்தம், கிரியாட்டினின், அதுவரை கழிந்திருந்த பதினொரு மணி நேரம், பெறவிருந்தவரின் இதயம் ஆகிய எல்லாம் அவர் முன் இருந்தன. நான் “குறைகிறது” என்று சொல்லியிருந்தாலும் அவர் மறுத்திருக்கலாம். மறுத்தது அவர், முடிவெடுக்கும் பொறுப்பும் உரிமையும் அவருடையவை. இதை எழுதும்போதே, பொறுப்பை அவர் பக்கம் தள்ளிவிடுகிறேனோ என்றும் தோன்றுகிறது.

ஒதுக்கப்பட்ட பிறகு அந்தச் சிறுநீரகத்தை ஏற்பார்களா என்று வேறு இரண்டு இடங்களில் கேட்கப்பட்டது. அவர்களுக்குப் போய்ச் சேர்ந்த குறிப்பில் ‘தடை 0.45, நிலையாக உள்ளது; ஓர் இடத்தில் ஏற்கப்படவில்லை’ என்று இருந்தது. என் சொல் எழுத்தாகி என்னைவிட வேகமாகப் பயணம் செய்திருந்தது. இருவரும் மறுத்தார்கள். இருபத்தாறாம் மணி நேரத்தில் பம்பை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தியதும் நான்தான். அப்போது திரையில் இருந்த ஓட்டம் 77, தடை 0.39.

அந்த 0.39-ஐ நான் யாரிடமும் சொல்லவில்லை. இடையில் 0.43 ஆனபோதும், 0.41 ஆனபோதும் பதிவேட்டில் எழுதினேனே தவிர, தொலைபேசியை எடுத்து “முன்பு சொன்னதைத் திருத்துகிறேன்” என்று சொல்லவில்லை. இதற்கும் ஒரு நியாயம் வைத்திருக்கிறேன்: நெடுநேரம் ஓட்டினால் மோசமான சிறுநீரகத்திலும் எண் மெல்ல இறங்கத்தான் செய்யும், இறங்கியதாலேயே அது நல்ல சிறுநீரகம் ஆகிவிடாது. இந்த நியாயம் சரியானதே. ஆனால் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் இதுதானா என்று கேட்டால், எனக்கு உறுதி இல்லை. திருத்திச் சொன்னால் முதலில் சொன்னது தவறு என்றாகிவிடும் என்பதும் காரணமாக இருந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு ஒரு வழக்கத்தைப் பழகிக்கொண்டேன். யார் கேட்டாலும் பெயரடையோ வினைச்சொல்லோ சேர்க்காமல், எத்தனை மணிக்கு என்ன அழுத்தம், என்ன ஓட்டம், என்ன வெப்பநிலை, எப்போது நிலை மாற்றி வைத்தேன் என்று வரிசையாகப் படித்துவிடுவது. சில மாதங்கள் அது நன்றாகவே நடந்தது. அண்மையில் ஓர் இரவு அப்படிப் படித்துக்கொண்டிருந்தபோது மறுமுனையில் இருந்தவர் குறுக்கிட்டு, “அதெல்லாம் சரி, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் அல்லவா, குறைகிறதா இல்லையா?” என்றார். திரையில் அப்போது 0.38-இலிருந்து 0.36-க்கு வந்திருந்தது. “குறைகிறது, டாக்டர்” என்றேன். அவர்கள் அதை ஏற்றுப் பொருத்தினார்கள். சிறுநீர் வர ஒன்பது நாளாயிற்று.