உப்புச் சீடை வெடிக்காமல் வந்தது, வெல்லச் சீடை இன்னும் பாக்கி

இந்தக் கோகுலாஷ்டமிக்குப் பொரித்த உப்புச் சீடையில் ஒன்றுகூட வெடிக்கவில்லை. சீடை செய்து பழகியவர்களுக்கு இந்த ஒரு வரியே போதும். மற்றவர்களுக்குச் சொல்வதென்றால், கைமுறுக்கு சுற்றத் தெரிந்தவர்களும் அதிரசப் பாகில் கைதேர்ந்தவர்களும்கூடச் சீடை என்றதும் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒதுங்குவதற்கு அந்த வெடிப்பு ஒன்றே காரணம். கொதிக்கும் எண்ணெயையும் சேர்த்துக்கொண்டு சீடை எகிறும்போது வாணலிக்கும் முகத்துக்கும் நடுவே ஒரு முழத் தூரம்தான் இருக்கும். ஆகவே இதைச் சற்றுப் பெருமையோடுதான் எழுதுகிறேன்.

பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் துணியின்மேல் உலர்த்தி, கையில் லேசான ஈரம் தெரியும்போதே அரைத்து, கோலம் இழுக்க வரும் பதம் வரை வறுத்துச் சலித்துக்கொள்வது இதைப் படிப்பவர்களுக்குத் தெரிந்ததே. என் அளவு, எட்டுப் பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு உளுத்தம் மாவு, ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக வெண்ணெய், அவற்றோடு தேங்காய்த் துருவல், எள், பெருங்காயம், உப்பு. ஊறவைத்த கடலைப் பருப்பைச் சீடையில் சேர்ப்பவர்கள் உண்டு. பார்வைக்கு அது அழகுதான் என்றாலும், நீர் குடித்து உப்பிய ஒரு பருப்பை மாவின் நடுவே பொதிந்து எண்ணெயில் போடும் துணிச்சல் எனக்கு இல்லை.

இனி வெடிப்புக்கு வருகிறேன். வெடித்த சீடையைப் பெரும்பாலும் நாம் எடுத்து எறிந்துவிடுகிறோம். முந்தைய ஈடுகளில் சிதறிய துண்டுகளை நான் ஒரு தட்டில் சேர்த்துவைத்துப் பகல் வெளிச்சத்தில் உடைத்துப் பார்த்தேன். வெளிப்புறம் பொன்னிறமாக, கீறல் ஒன்றும் இல்லாமல், ஏறக்குறைய மெருகேற்றியதுபோல் வழவழப்பாக இருந்தது. அதற்கு உட்புறம் ஒரு வெற்றிடமும், அதன் சுவரில் ஒட்டிக்கொண்டு பாதி வெந்த வெள்ளை மாவும் இருந்தன. வெடிக்காத சீடையை உடைத்தால் உட்புறம் முழுவதும் சிறு சிறு துளைகளாக, ஒரே சீராக இருக்கும். வெடித்தவற்றில் அந்தத் துளைகள் இல்லை. உள்ளே இருந்த ஆவி எல்லாம் ஓரிடத்தில் கூடி, வெளியேற வழியில்லாமல், ஓட்டைப் பிளந்துகொண்டு வந்திருக்கிறது என்பது அந்தத் துண்டுகளைப் பார்த்தாலே விளங்கிவிடும்.

பெரும்பாலான அரிசி வகைகளின் மாவுச்சத்து 65 முதல் 80 டிகிரி செல்சியஸ் வெப்பத்துக்குள் வெந்து பசையாகிவிடுகிறது. நீர் கொதிப்பதோ 100 டிகிரியில். எனவே எண்ணெயில் விழுந்த சீடையின் மேல்பரப்பு முதலில் வெந்து, பசைபோல் ஒட்டி, பிறகு உலர்ந்து ஓடாக இறுகுகிறது. நடுவில் உள்ள நீர் ஆவியாகத் தொடங்குவது அதற்குப் பிறகுதான். அந்த நீர் ஆவியாக மாறும்போது சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருந்தால் அது குமிழிகளாகக் கசிந்து போய்விடும், இல்லையென்றால் நமக்குத்தான் ஆபத்து.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு, வழக்கமாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுபவற்றை ஒவ்வொன்றாக விசாரித்தேன். வெண்ணெயில் நீர் இருப்பதால் வெடிக்கிறது என்பது முதல் குற்றச்சாட்டு. நூறு கிராம் வெண்ணெயில் ஏறத்தாழ 16 கிராம் நீர் இருப்பது உண்மைதான். ஆனால் மாவைப் பிசைய அதைவிடப் பல மடங்கு நீரை நம் கையாலேயே ஊற்றுகிறோம். அதை விட்டுவிட்டு வெண்ணெயின் நீரைக் குறைசொல்வதில் நியாயமில்லை. கல் உப்பும் எள்ளில் உள்ள மண்ணும் அடுத்த இரண்டு. இவற்றில் உண்மை உண்டு. கரையாத உப்புப் பரலோ, சலிக்காத குறுணையோ உள்ளே இருந்தால் அதைச் சுற்றி நீர் தங்கி, ஆவி சேர்வதற்கு ஓர் இடம் கிடைத்துவிடுகிறது. எனவே உப்பை நீரில் கரைத்து வடிகட்டி ஊற்றுகிறேன். எள்ளைக் களைந்து, முற்றிலும் உலர்ந்த பிறகே சேர்க்கிறேன். தேங்காய்த் துருவலை வெறும் வாணலியில் ஈரம் போகப் பிரட்டிக்கொள்கிறேன். கண் திருஷ்டி என்ற குற்றச்சாட்டை விசாரிக்க எனக்கு வழி தெரியவில்லை.

இவை அத்தனையையும் சரிசெய்த பிறகும், மாவை மூன்று முறை சலித்த பிறகும், அவ்வப்போது ஒன்று வெடித்துக்கொண்டேதான் இருந்தது. அப்படியானால் மீதிக் காரணம் மாவில் இல்லை, உருட்டும் கையில் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தேன். சீடையின் உறவுக்காரப் பலகாரங்களைப் பார்த்தால் இது புரியும். தட்டையைத் தட்டியதும் முட்கரண்டியால் குத்துகிறோம், குத்தாவிட்டால் பூரியாக உப்பிவிடும். செட்டிநாட்டுச் சீப்புச் சீடையில் மாவை வரிவரியாகப் பிழிந்து, துண்டு நறுக்கி, விரலில் சுற்றி வளையமாக ஒட்டுகிறார்கள். நடுவில் ஓட்டையும் மெல்லிய சுவரும் இருப்பதால் ஆவிக்கு எந்தப் பக்கமும் வழி திறந்திருக்கிறது. வெல்லச் சீடை பொரியும்போதே மேலெல்லாம் விரிசல் விட்டுவிடும், அந்த விரிசல்தான் அதற்குப் போக்கிடம். நிறை உருண்டையாக, மூடிய ஓட்டோடு எண்ணெயில் இறங்குவது உப்புச் சீடை ஒன்றுதான்.

இதைச் சோதிக்க ஒரே மாவை நான்கு கூறாகப் பிரித்தேன். முதல் கூறை இரு உள்ளங்கைகளுக்கு இடையே வைத்து, கோலிக்குண்டு அளவில், பளபளவென்று வரும்வரை அழுத்தி உருட்டினேன். இரண்டாம் கூறைக் கிள்ளி, ஒரு கையின் விரல் நுனிகளுக்குள் இரண்டு சுற்று மட்டும் சுற்றி, மேடும் பள்ளமுமாக அப்படியே துணியில் போட்டேன். மூன்றாவது இரண்டாவதைப் போன்றதே, ஆனால் ஒவ்வொன்றையும் தையல் ஊசியால் நடுவரை ஒரு குத்து குத்தினேன். நான்காவதையும் அதேபோல் தளர்வாக உருட்டி, ஊசியால் குத்தாமல், துணியில் கால் மணி நேரம் ஆறவிட்டேன். வாணலியை ஓட்டை மூடியால் மூடிக்கொண்டு, தள்ளி நின்று பொரித்தேன். முதல் கூறிலிருந்து மூடியில் அடி விழும் சத்தம் கேட்டது. மற்ற மூன்றும் அமைதியாக வெந்தன.

இதன் பிறகு எனக்கு ஐயம் இல்லை. மாவை உள்ளங்கையில் அழுத்தித் தேய்க்கும்போது வெண்ணெயும் ஈரமும் மேலே வந்து, மாவுத் துகள்களுக்கு நடுவில் உள்ள இடைவெளிகளையெல்லாம் பூசி அடைத்துவிடுகின்றன. அழகாக உருட்ட வேண்டும் என்ற ஆசையே சீடைக்கு எமன். "உருண்டையா வந்தாப் போதும், வழவழன்னு வர வேண்டாம்" என்று அத்தை சொன்னதை அவசரத்தில் சொன்ன சமாதானமாகத்தான் நான் எடுத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் இத்தனை இயற்பியல் இருக்கிறது.

உருட்டியதைத் துணியில் ஆறவிடுவதிலும் ஓர் எல்லை உண்டு. கால் மணி நேரத்தில் மேலீரத்தைத் துணி இழுத்துக்கொள்கிறது, அது நல்லது. ஆனால் எல்லாவற்றையும் காலையிலேயே உருட்டிவைத்து மாலையில் பொரிக்கலாம் என்று விட்டால் மேல்தோல் காய்ந்து தனியாக இறுகிவிடும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். வேண்டாத கெட்டி ஓடு ஒன்றை நாமே முன்கூட்டிச் செய்து கொடுப்பதாக அது முடியும். ஆகவே ஓர் ஈட்டுக்கு வேண்டியதை மட்டும் பிசைந்து, உருட்டி, பொரித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறேன். மீதி மாவு உலர்ந்த நிலையிலேயே காத்திருக்கட்டும், நீர் சேர்க்க வேண்டாம்.

எண்ணெய்ச் சூடு பற்றி ஒரு வார்த்தை. பாகு பார்ப்பதற்காக வாங்கிய வெப்பமானியை எண்ணெயிலும் விட்டுப் பார்க்கிறேன், இதற்காக வீட்டில் எனக்குக் கேலி உண்டு. 150 டிகிரிக்கும் 160 டிகிரிக்கும் நடுவே நிறுத்தினால் சீடை அடியில் போய், மெல்ல மேலெழுந்து, நிதானமாக நிறம் மாறுகிறது. அதற்கு மேல் சூடேறினால் ஓடு சீக்கிரம் இறுகிவிடும். சூடு குறைந்தால் எண்ணெய் குடிக்கும். போட்டவுடன் கரண்டியால் கிளறக் கூடாது. எடுக்கும் பதத்துக்கு வெப்பமானி உதவாது, காதுதான் உதவும். தொடக்கத்தில் சடசடவென்று கேட்கும் சலசலப்பு படிப்படியாகத் தேய்ந்து, குமிழிகள் ஓரத்தில் மட்டும் நிற்கும்போது ஜல்லிக் கரண்டியில் அள்ளிக் குலுக்கினால் கலகலவென்று கூழாங்கல் ஓசை வர வேண்டும். ஓசை மந்தமாக இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது, ஆறியதும் நமுத்துவிடும். எப்போதும் ஒரே ஒரு சீடையை முன்னோட்டமாகப் போட்டு, அது சிவந்து வந்த பிறகே மற்றவற்றைப் போடுகிறேன். மூடியையும் விடுவதாக இல்லை.

மாவு அரைப்பது பற்றி ஒரு புலம்பல். பக்கத்து மில்லில் இரண்டு கிலோவுக்குக் குறைவாக ஈர அரிசி அரைக்க மாட்டார்களாம். சம்மதித்த மற்றொரு மில்லில், முன்னால் ஓடியது மிளகாய் என்பதை மாவின் இளஞ்சிவப்பு நிறம்தான் எனக்குத் தெரிவித்தது. அந்த மாவு காரத் தட்டைக்குப் போயிற்று. இப்போது மிக்ஸியில் சிறிது சிறிதாக அரைத்து, மைதா சலிக்கும் சன்னக் கண் சல்லடையில் சலித்து, மேலே தங்கும் குறுணையை மறுபடி அரைக்காமல் கஞ்சிக்கு எடுத்துவைக்கிறேன். உளுந்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அவசரப்படுத்துவதில்லை. சிறு தீயில் மணம் வந்து, பருப்பின் முதுகு இளஞ்சிவப்பாகும்வரை வறுத்து, முழுவதும் ஆறிய பிறகே அரைக்க வேண்டும். உளுத்தம் மாவில் ஒரு பொட்டுக் குறுணை தங்கினாலும் அது அரிசிக் குறுணையைவிட மோசமாகத் தொல்லை தருகிறது என்பது என் அனுபவம். கடையில் கிடைக்கும் இடியாப்ப மாவிலும் சீடை செய்து பார்த்தேன். வெடிக்கவில்லை, ஆனால் வாயில் போட்டால் கரையாமல் கடினமாக நின்றது. வெண்ணெயைக் கூட்டினால் சரியாகலாம், எனக்குத்தான் அதில் மனம் செல்லவில்லை.

வெல்லச் சீடை இன்னும் முடியவில்லை. அங்கே சிக்கல் நேரெதிரானது. வெடிக்காது, ஆனால் கரையும். வெல்லம் ஒரு கரண்டி கூடினால் உருண்டை எண்ணெயில் பிரிந்து, அடியில் கருகிய சேறாகப் படிகிறது. குறைந்தால் ஆறிய பிறகு பல்லைச் சோதிக்கிறது. ஒரு பங்கு மாவுக்கு முக்கால் பங்கு வெல்லம் என்ற அளவில் தொடங்கி, அரைப் பங்கை நோக்கி மெல்லக் குறைத்துக்கொண்டு வருகிறேன். பாகு கம்பிப் பதம் வரை போகத் தேவையில்லை, கரைந்து வடிகட்டி ஒரு கொதி வந்ததும் சூடாக மாவில் ஊற்றினால் மாவு அரைவேக்காடாகி நன்றாகச் சேர்கிறது என்பதுவரை தெளிந்திருக்கிறது. வெளுத்த மஞ்சள் நிறத்தில் அழகாக விற்கும் வெல்லத்தை இதற்கு வாங்குவதில்லை. நிறத்துக்காக ஹைட்ரோஸ் என்ற வெளுக்கவைக்கும் ரசாயனத்தைச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது ஒருபுறம் இருக்க, பலகாரத்தில் மணமே வருவதில்லை. கறுத்த மண்டை வெல்லத்தில் மண் அதிகம், இரண்டு முறை வடிகட்ட வேண்டியிருக்கிறது, ஆனாலும் ஏலமும் சுக்கும் அதனோடுதான் சேருகின்றன.

இது படிவதற்குள்ளாகவே உடன்குடிக் கருப்பட்டியில் அதே சீடையைச் செய்து பார்க்கும் ஆசை வந்துவிட்டது, அரைக் கிலோ வாங்கியும் வைத்திருக்கிறேன். கருப்பட்டி கரைசல் வெல்லத்தைவிட எவ்வளவு நீர்த்து நிற்கும் என்பதை முதலில் ஒரு கைப்பிடி மாவில் போட்டுப் பார்க்க வேண்டும். இதற்கிடையே தீபாவளிக்குக் கைமுறுக்கு ஐந்து சுற்றாவது சுற்ற வேண்டும் என்று ஒரு பந்தயம் இருக்கிறது. இப்போதைக்கு மூன்றாவது சுற்றில் மாவு அறுந்துபோகிறது. வெண்ணெய் கூடுதலா, விரலில் எண்ணெய் குறைவா என்று தெரிந்தவர்கள் சொன்னால் அடுத்த மாவில் மாற்றிப் பார்க்கிறேன்.