யாருக்கு வந்த குறிப்பாணை?

காலை ஐந்து மணிக்கு எழுந்து பூஜை அலமாரிக்கு எதிரே பத்து நிமிடம் உட்காருவது எனக்குப் பதினெட்டு ஆண்டுப் பழக்கம். மணி அடிப்பதில்லை, கடவுளிடம் கேட்பதற்கும் ஒன்றுமில்லை. ஆதிசங்கரர் பெயரில் வழங்கும் பிராதஸ்மரண ஸ்தோத்திரத்தின் மூன்று சுலோகங்களைச் சொல்லிவிட்டுச் சும்மா இருப்பேன். கனவு, நனவு, ஆழ்ந்த உறக்கம் மூன்றையும் எது அறிந்துகொண்டிருக்கிறதோ அந்தப் பிரம்மமே நான், ஐம்பூதங்களின் கூட்டமல்ல என்று முடிகிறது முதல் சுலோகம். மூன்றையும் சொல்ல இரண்டு நிமிடம் ஆகாது. மிச்சமுள்ள எட்டு நிமிடம்தான் பெரும்பாடு.

வருவாய்த் துறையில் துணை வட்டாட்சியர் வேலை. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உட்பிரிவுப் பட்டா மாறுதலில் 2ஏ என்று இருக்கவேண்டிய இடத்தில் 2பி என்று இருந்ததைக் கவனிக்காமல் கையெழுத்திட்டுவிட்டேன். அண்ணன் பங்கு தம்பி பெயரில் ஏறிவிட்டது. பயிர்க்கடனுக்குப் போன பெரியவர் அங்கேதான் விஷயம் தெரிந்து மனுக் கொடுத்தார். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது.

மறுநாள் காலை வாய் சுலோகத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. மனமோ, 'பார்வையில் காணும் குறிப்பாணையின்பால் கனிவான கவனம் ஈர்க்கப்படுகிறது' என்று விளக்கக் கடிதத்தை ஆரம்பித்திருந்தது. நில அளவர் அனுப்பிய வரைபடம் தெளிவாக இல்லை. கிராமக் கணக்குகளை ஆண்டுதோறும் தணிக்கை செய்யும் ஜமாபந்தி நேரம். அன்று மேசையில் அறுபதுக்கு மேல் கோப்புகள். என் பணிக்காலத்தில் எழுதிய மிகச் சிறந்த வரைவு அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

ரமண மகரிஷியிடம் 'நான் யார்?' கேள்விகளைக் கேட்ட சிவப்பிரகாசம் பிள்ளையும் வருவாய்த் துறைக்காரர். தென்னார்க்காடு கலெக்டர் அலுவலகத்தில் வேலை. 1902ஆம் ஆண்டு அளவில் திருவண்ணாமலைக்கு வந்து, விரூபாட்சி குகையில் பேசாமல் இருந்த இளைஞரான ரமணரிடம் கேள்விகளை வைத்தார். பதில்கள் எழுத்தில் வந்தன. எங்கள் துறைக்குப் பழகிய முறைதான்: மனு, பதில். பிற எண்ணங்கள் எழுந்தால் அவற்றைப் பூர்த்தி செய்ய முயலாமல், அவை யாருக்கு உண்டாயின என்று விசாரிக்க வேண்டும் என்பது அந்தப் பதில்களில் ஒன்று. பிள்ளை பின்னாளில் வேலையை விட்டுவிட்டார். எனக்கு வீட்டுக்கடன் இருக்கிறது.

விசாரித்துப் பார்த்தேன். இந்தக் கொதிப்பு யாருக்கு? 'எனக்கு' என்று பதில் வரவேண்டும். அங்கிருந்து 'நான் யார்' என்று உள்ளே போகவேண்டும். எனக்கு வந்த பதில் 'துணை வட்டாட்சியருக்கு' என்பது. சிரிப்பு வந்துவிட்டது. ஆழ்ந்து தூங்கிய ஆறு மணி நேரம் அந்த ஆள் எங்கே இருந்தார்? பதவியும் இல்லை, குறிப்பாணையும் இல்லை; ஆனால் எழுந்ததும் நன்றாகத் தூங்கினேன் என்று சொல்ல நான் இருக்கிறேன்.

இதை வைத்து மேசையில் தப்பித்துக்கொள்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். மாதக்கணக்கில் நிலுவையில் கிடக்கும் வாரிசுச் சான்றைக் கேட்டு வந்த பெண்ணிடம், எல்லாம் மாயை அம்மா, ஏன் அலைகிறீர்கள் என்றார் ஒரு சகா. சங்கரர் மரபில் வியாவகாரிகம் என்று ஒரு தளம் உண்டு. ஞானம் வரும்வரை இந்த உலகம், அதன் கடமைகள், கணக்குகள் எல்லாம் அங்கே செல்லுபடியாகும். கயிற்றைப் பாம்பென்று கண்டவனுக்குப் பயம் பொய்யல்ல. அவனிடம் விளக்கை நீட்டவேண்டும், பிரசங்கம் செய்யக் கூடாது. அந்தப் பெண்ணுக்கு விளக்கு என்பது ஒரு கையெழுத்து.

அலுவலகத்தில் வரைவைக் கிழித்துப் போட்டேன். உட்பிரிவு எண்ணைச் சரிபார்க்காமல் கையெழுத்திட்டது என் தவறு, திருத்தத்துக்கு முன்மொழிவு இணைத்திருக்கிறேன் என்று இரண்டே வரி. திருத்த உத்தரவு வந்ததும் பெரியவர் வந்தார். தோள் துண்டை எடுத்துக் கையில் மடித்து வைத்துக்கொண்டு, "தப்பு உங்களுடையது என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்களாமே ஐயா" என்றார்.

மறுநாள் காலை மூன்றாம் சுலோகத்தில் அந்தக் கயிறும் பாம்பும் வரும் வரியைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, மடித்த துண்டும் 'நீங்களே' என்ற சொல்லும் நாலாம் முறையாக மனத்தில் ஓடிக்கொண்டிருந்தன. யாருக்கு என்று கேட்டேன். அதே துணை வட்டாட்சியர்தான். இந்த முறை மாலையோடு நின்றிருந்தார்.