எதுவரைக்கும்

மார்ச் 2
"நான் தூங்காதபடி என் கண்ணிமைகளைப் பிடித்திருக்கிறீர்." சங்கீதம் 77:4. இரவு 3 மணிக்கு இதைவிடப் பொருத்தமான வசனம் கிடையாது. தூக்கம் வராததற்குக்கூட இதைப் பாடிய ஆசாப் கர்த்தரிடம்தான் கணக்குக் கேட்கிறான்.

மார்ச் 3
பதில் வரவில்லை.

மார்ச் 5
கஷ்டம் வந்தால் விசுவாசம் தானாக வளர்ந்துவிடும் என்று யார் சொன்னது? எகிப்திலிருந்து வந்த இஸ்ரவேலரில் 20 வயதுக்கு மேல் எண்ணப்பட்டவர்களில் யோசுவாவும் காலேபும் மட்டுமே கானானுக்குள் போனார்கள். வனாந்தரம் எல்லாருக்கும் ஒரே வனாந்தரம்தான். மற்றவர்கள் செய்ததை உபாகமம் 1:27 சொல்கிறது: கூடாரங்களில் முறுமுறுத்து, "கர்த்தர் நம்மை வெறுத்து..." என்றார்கள். கர்த்தரைப் பற்றி, கூடாரத்துக்குள்ளே, தங்களுக்குள்ளே. படர்க்கை.

சங்கீதம் 13-ஐப் பக்கத்தில் வைத்தால் தாவீதின் பேச்சு ஒன்றும் மென்மையாக இல்லை. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" ஆனால் முன்னிலை. நேராக முகத்தைப் பார்த்துக் கேட்டுவிடுகிறான். முறுமுறுப்பு முறையீடாக மாற, அழுகையைக் குறைக்க வேண்டியதில்லை. திரும்பி நின்று அவரிடமே அழவேண்டும்.

மார்ச் 6
13-ஆம் சங்கீதத்தில் 6 வசனம்தான், இரண்டிரண்டாகப் பிரியும். 1, 2 முறையீடு. "எதுவரைக்கும்" நான்கு முறை வருகிறது. 3, 4 விண்ணப்பம். 5, 6 நம்பிக்கை. வாய்விட்டு வாசிக்கவேண்டும், இரவானால் முணுமுணுத்தால் போதும். இரண்டாம் வசனம் முடிந்ததும் நிறுத்தி, உள்ளே கிடக்கிறதை அதே சொல்லில் தொடங்கும் நான்கு வரிகளாகச் சொல்லவேண்டும். பிறகு ஒரே ஒரு விண்ணப்பம். பத்து விண்ணப்பம் வேண்டாம், மனம் சிதறிவிடும்.

தப்பு நடக்கிற இடம் ஐந்தாம் வசனம். "உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால், சொல்லாமல் விட்ட நான்கும் தொண்டையிலேயே நின்றுவிடும். வரவில்லையென்றால் இரண்டோடு நிறுத்திப் படுத்துவிடலாம். மறுநாளும் சங்கீதம் அங்கேயே இருக்கும். அதே வார்த்தைகள் அலுத்துப்போகுமே என்ற பயமும் வேண்டாம். சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனேயில் இயேசு மூன்றாந்தரமும் "அந்த வார்த்தைகளையே" சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு 26:44-ல் இருக்கிறது.

மார்ச் 7
3.20.

மார்ச் 9
"தாங்கமுடியாததைத் தேவன் தரமாட்டார்." இன்றைக்கும் இதே ஆறுதல். சொல்கிறவர்களுக்கு அன்பு இருக்கிறது, வசனம்தான் இடம் மாறியிருக்கிறது. 1 கொரிந்தியர் 10:13 பாவத்துக்கு இழுக்கிற சோதனையைப் பற்றியது. அதற்கு அடுத்த வசனமே விக்கிரகாராதனைக்கு விலகி ஓடச் சொல்கிறது. பாரத்தைப் பற்றி அதே பவுல் எழுதியது 2 கொரிந்தியர் 1:8, 9-ல். பலத்திற்கு மிஞ்சின அதிக பாரமான வருத்தம், பிழைப்போம் என்கிற நம்பிக்கையே அற்றுப்போனது என்கிறான். ஏன் என்றும் அடுத்த வரியில் சொல்கிறான்: தங்கள்மேல் நம்பிக்கையாயிராமல், "மரித்தோரை எழுப்புகிற தேவன்மேல்" நம்பிக்கையாயிருக்கும்படி.

அப்படியானால் தாங்கமுடியவில்லை என்பது விசுவாசக் குறைவு ஆகாது. சொந்த பலம் தீர்ந்த இடத்தில்தான் பவுலின் நம்பிக்கை கை மாறியிருக்கிறது. பாவம், எத்தனை பேர் இந்த ஒரு வாக்கியத்தால் தங்களையே குற்றவாளியாக்கிக்கொண்டு படுத்திருக்கிறார்களோ.

மார்ச் 10
எல்லாம் இழந்த யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு நாளும் சரியாகத்தான் இருந்தார்கள்.

மார்ச் 13
தீர்க்கதரிசி எலியா "போதும்" என்று சொல்லிச் சாகக் கேட்டபோது தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர், தூக்கம். மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். 40 நாள் நடந்து ஓரேபுக்குப் போன பிறகுதான் கர்த்தரின் அந்த மெல்லிய சத்தம். சாப்பாட்டையும் மருந்தையும் விட்டுவிட்டு ஜெபத்தை மட்டும் கூட்டுகிறவர்கள் 1 இராஜாக்கள் 19-ஐ இந்த வரிசையிலேயே வாசிக்கவேண்டும். வாரக்கணக்கில் தூக்கம் இல்லையென்றால் மருத்துவரிடம் போவதும் விசுவாசம்தான்.

மார்ச் 16
ரோமர் 5:4-ல் "பரீட்சை" என்றதும் பள்ளிக்கூடம்தான் ஞாபகம் வருகிறது, தேறுவோமோ மாட்டோமோ என்று. கிரேக்கச் சொல் 'தொகிமே': சோதித்துப் பார்த்து, நின்றுவிட்டது என்று கண்டபின் இருக்கும் உறுதி. நேற்று தாங்கிய கை இன்றைக்கும் இருக்கிறது என்று தெரிந்துகொள்வது. அதனால்தான் உபத்திரவம், பொறுமை, பரீட்சை என்ற வரிசையில் நம்பிக்கை அங்கே கடைசியில் வருகிறது.

மார்ச் 17
இல்லை. இன்றும் இல்லை.

மார்ச் 18
இன்றைக்குச் சங்கீதம் 88 மட்டும்தான் முடிந்தது. கடைசி எபிரெயச் சொல்லே இருள். விடியாமலே முடிகிற சங்கீதம். ஆனால் 1, 9, 13 மூன்று வசனத்திலும் இதைப் பாடிய ஏமான் "கர்த்தாவே" என்று கூப்பிடுகிறான். யாரிடம் என்பதை மட்டும் அவன் தொலைக்கவில்லை. இதை வேதாகமத்திலிருந்து எடுத்துவிடாமல் வைத்திருந்தவர்களுக்கு ஸ்தோத்திரம்.

மார்ச் 21
எருசலேம் அழிந்ததற்கு அழுகிற புலம்பல் புத்தகத்தில் 154 வசனம். முதல் பாதி 3:33-ல் முடிகிறது: "அவர் மனப்பூர்வமாய் மனுபுத்திரரைச் சிறுமையாக்கிச் சஞ்சலப்படுத்துகிறதில்லை." சாம்பலுக்கு நட்டநடுவில்.

மார்ச் 24
சங்கீதம் 23. எத்தனை வருஷம் மனப்பாடமாய் ஒப்பித்த சங்கீதம். முதல் மூன்று வசனமும் படர்க்கை: "அவர் என்னைப் புல்லுள்ள இடங்களில்..." நான்காம் வசனத்தில் மரண இருளின் பள்ளத்தாக்கு. அங்கேதான் மாறுகிறது. "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்." புல்வெளியில் "அவர்", பள்ளத்தாக்கில் "தேவரீர்".

மார்ச் 25
3.10. சங்கீதம் 13. இரண்டாம் வசனம் வரைக்கும் வந்தாயிற்று.