வெளிச்சம், ஒன்று, இரண்டு, மூன்று: கோணேசர் தெப்பத்தில் அகலக்கோண லென்ஸ்

திருகோணமலையில் கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையின் ஓரத்தில், இருட்டுக்குள் பச்சையாக ஒரு வாணப் பூ விரிந்தது. சத்தம் இல்லை. பக்கத்தில் நின்ற மாமா, "எண்ணிப் பார் மருமகன்" என்றார். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றைச் சொல்லி முடிக்கவும் 'டும்' என்று அந்தச் சத்தம் டச்பே கடற்கரை மணலுக்கு வந்து சேர்ந்தது.

மின்னலுக்கும் இடிக்கும் சின்ன வயதில் இப்படித்தான் எண்ணுவோம். ஒலி ஒரு நொடியில் ஏறக்குறைய 340 மீட்டர் போகும். மூன்று எண்ணினால் ஒரு கிலோமீட்டர். கமராவின் திரையைப் பார்த்தேன். 16 மி.மீ. அகலக்கோண லென்ஸில் எடுத்த படம் முழுவதும் கறுப்பு. நடுவில் மிளகளவில் ஒரு பச்சைப் புள்ளி. லென்ஸின் மி.மீ. எண் குறையக் குறையக் காட்சி அகலமாக அடங்கும், பொருள் சின்னதாக விழும். திருகோணமலைக்கு நான் ஆசை ஆசையாகத் தூக்கி வந்த லென்ஸ் அது.

அந்த ஆசை தொடங்கிய இடம் பாரிஸ். அங்கே இருக்கும் அண்ணாவைப் பார்க்கப் போனபோது, பிள்ளைகளோடு டிஸ்னிலாண்டுக்குக் கூட்டிப்போனார். இரவு பூங்கா மூடுவதற்கு முன் கோட்டைக்கு மேலே வாணவேடிக்கை. அந்தக் கோட்டை சுமார் 50 மீட்டர் உயரம். நாங்கள் நின்றது அறுபது மீட்டர் தள்ளி இருக்கும். முன்னும் பின்னும் சனம். ட்ரைபொட் விரிக்க இடமில்லை, பின்னால் நகரவும் வழியில்லை. அண்ணாவின் 16-35 லென்ஸை வாங்கி, கமராவை நெடுக்காகப் பிடித்து 16இல் எடுத்தேன். கோட்டை, மேலே விரிந்த வாணம், கீழே தோளில் ஏறியிருந்த பிள்ளைகளின் தலைகள் எல்லாம் ஒரே படத்துக்குள் வந்தன. வாணம் என்றால் அகலக்கோண லென்ஸ்தான் என்று அன்றைக்கு மனதில் பதிந்துவிட்டது. ஊருக்குத் திரும்பியதும் அதே அளவில் எஃப் 2.8 லென்ஸ் (எஃப் எண் குறைந்தால் வெளிச்சம் புகும் துளை பெரிது) ஒன்றைக் கொழும்பில் பாவித்த பொருளாக வாங்கினேன்.

அங்கே அந்த லென்ஸ் சரியாக அமைந்ததற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று, நாங்கள் கிட்டத்தில் நின்றோம். மற்றது, கோட்டைக்கு அடியிலிருந்து நுனிவரை விளக்குப் போட்டிருந்தார்கள். இரண்டையும் நான் அப்போது யோசிக்கவில்லை.

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்கு வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா வழியாகத்தான் போனேன். அம்மா இளவயதில் இந்த வழியில் 'பாதை' என்று சொல்லும் மிதவைகளில் ஏறி இறங்கி ஆறுகளைக் கடந்த கதையை இன்னும் சொல்லுவா. இப்போது எல்லா இடத்திலும் பாலம். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது. அதில் பஸ் ஏறும்போது ஜன்னலோரம் இருந்தால் இரண்டு பக்கமும் தண்ணீர் விரியும். அதைத் தவறவிடாதீர்கள்.

கோணேசர் கோயிலில் பங்குனி உத்தரத்தன்று கொடியேறும். பதினெட்டு நாள் திருவிழா, பாவநாசச் சுனையில் தீர்த்தம். தெப்பம் அதற்குப் பிறகு வரும். கோணேசரும் மாதுமை அம்பாளும் இரவில் கடல் வழியாக மலையைச் சுற்றி டச்பே பக்கம் வருவார்கள். படம் எடுப்பவர் இங்கே நிலவையும் கணக்குப் பார்க்க வேண்டும். பங்குனி உத்தரம் பௌர்ணமியை ஒட்டி வரும் நாள். ஆகவே மூன்று கிழமை கழித்து வரும் தெப்ப இரவில் வளர்பிறைக் கீற்றுத்தான் இருக்கும், அதுவும் நேரத்தோடு மறைந்துவிடும். வானம் நல்ல இருட்டு. வாணத்தின் நிறம் அப்படியே பளிச்சென்று விழும். ஆனால் மலை தெரியாது.

பகலில் போய் இடம் பார்த்து வந்திருந்தேன். 1624இல் போர்த்துக்கேயர் கட்டி, 1803இல் ஆங்கிலேயர் பிரெட்ரிக் என்று பெயரிட்ட கோட்டையின் வாசலுக்குள் நுழைந்தால், மர நிழலில் மான்கள் படுத்திருக்கும். மேலே ஏறி இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, கடலை எட்டிப் பார்த்தேன். கிட்டத்தட்ட 350 அடி நேர்க்கீழே பச்சைத் தண்ணீர். பகல் வெளிச்சத்தில் டச்பேயில் இருந்து பார்த்தால் மலை கண்ணை நிறைத்துக்கொண்டு நிற்கிறது. இரவுக்கு அகல லென்ஸ்தான் என்று அப்போதே முடிவு கட்டினேன். கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது அகல லென்ஸில் பெரிதாக விழாது என்பதை மறந்துபோனேன்.

கணக்கு மிகவும் லேசானது. லென்ஸின் மி.மீ. அளவைப் பொருளின் உயரத்தால் பெருக்கித் தூரத்தால் வகுத்தால், கமராவுக்குள் படம் விழும் தகடான சென்சரில் அது எத்தனை மி.மீ. உயரத்துக்கு விழும் என்பது வரும். ஃபுல் ஃப்ரேம் சென்சர் நீளப் பக்கம் 36 மி.மீ., குறுகிய பக்கம் 24 மி.மீ. ஒரு கிலோமீட்டரில் 100 மீட்டர் உயரத்துக்கு ஏறும் வாணம், 16 மி.மீ. லென்ஸில் 1.6 மி.மீ. உயரம்தான். பாரிஸில் அதே லென்ஸில் கோட்டை 13 மி.மீ.க்கு மேல் விழுந்திருக்கிறது. லென்ஸ் ஒன்றுதான், நின்ற இடம் வேறு.

இந்தக் கணக்கை மாமாவின் எண்ணிக்கையோடு சேர்த்தால் தாளும் பேனையும் தேவையில்லை. மூன்று எண்ணினால் அகல லென்ஸைப் பைக்குள் வையுங்கள், 70 மி.மீ. அல்லது அதற்கு மேல் வேண்டும். ஒன்று எண்ணும் நேரம் என்றால் 35. வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் இடையில் அரை நொடிதான் என்றால் 24, கமராவை நெடுக்காக வைத்து. இடைவெளியே பிடிபடாத கிட்டத்தில் நின்றால் 16. சின்னச் சென்சர் கமரா வைத்திருப்பவர்கள் இந்த எண்களை ஒன்றரையால் வகுத்துக்கொள்ளுங்கள். கமராவோடு வரும் 18-55 லென்ஸின் 18, ஃபுல் ஃப்ரேமில் 27 மாதிரி. பெரும்பாலான வாணங்களுக்கு அந்த 18-55 லென்ஸே போதும். கைபேசியில் 0.5 என்று இருப்பது ஏறக்குறைய 13 மி.மீ.க்குச் சமம். அது கூட்டத்தையும் கோபுரத்தையும் சேர்த்து எடுக்க நல்லது, தூரத்து வாணத்துக்கு 1 அல்லது 2ஐத் தொடுங்கள். மச்சான் தன் கைபேசியில் 2ஐத் தொட்டு எடுத்த படம், என் முதல் பத்துப் படங்களைவிட நன்றாக இருந்தது.

சரி, 24-70 லென்ஸை மாட்டி 70இல் வைத்தேன். இப்போது வாணம் வாணமாகத் தெரிந்தது, தண்ணீரில் அதன் நிழலும் சேர்ந்து விழுந்தது. மலைக்குப் பின்பக்கம் ஒன்று வெடித்தபோதுதான் பாறையின் விளிம்பு ஒரு கணம் வெட்டி எடுத்தாற்போல் வந்தது. அந்த ஒரு படத்துக்காகவே மீதி நேரமெல்லாம் அங்கே நின்றிருக்கலாம்.

லென்ஸ் வாங்கும் யோசனையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வாணத்துக்காக மட்டும் எஃப் 2.8க்குக் காசைக் கொட்டாதீர்கள். வாணம் ஓடும் வெளிச்சம். சென்சரின் ஒரு புள்ளியில் அது ஒரு கணம்தான் தங்கும். ஆகவே அதன் பிரகாசத்தைத் தீர்மானிப்பது லென்ஸின் துளையும், ஐ.எஸ்.ஓ. என்னும் சென்சரின் உணர்திறன் அளவும்தான். ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது, எத்தனை பூக்கள் ஒரே படத்தில் சேரும், நிலத்து வெளிச்சம் எவ்வளவு ஏறும் என்பதைத்தான் மாற்றும். ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8 முதல் 11 வரை, இரண்டு நொடியிலிருந்து ஆறு நொடி. நான் அன்று வைத்தது எஃப் 11, நான்கு நொடி. துளையைப் பெரிதாகத் திறந்தால் சிவப்பும் பச்சையும் வெளுத்து வெறும் வெள்ளைக் கோடாகிவிடும். எப்படியும் 8க்கும் 11க்கும் மூடப் போகிறோம் என்றால், விலை குறைந்த எஃப் 4 லென்ஸும் அதே வேலையைச் செய்யும். எடையும் குறைவு.

14 மி.மீ. லென்ஸ்களையும் கடையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். பலவற்றில் முன் கண்ணாடி முட்டைக்கண்போல் வெளியே துருத்திக்கொண்டிருக்கும், லென்ஸைக் காக்கும் கண்ணாடியான சாதாரண ஃபில்ரர் திருக முடியாது. கடற்கரையில் எனக்கு அது சரிவராது. டச்பேயில் அரை மணி நேரம் நின்றாலே கண்ணாடியில் உப்புப் படலம் படிகிறது. ஃபில்ரரைத் துடைக்கும்போது கை நடுங்காது, லென்ஸின் சொந்தக் கண்ணாடியைத் துடைக்க மனம் பதறும். இதோடு இன்னொரு தொல்லையும் உண்டு. ஏசி அறையில் இருந்த கமராவைத் திருகோணமலைச் சித்திரை வெக்கைக்குள் எடுத்து வந்தால், கண்ணாடி உடனே வியர்த்துவிடும். பையைத் திறக்காமலே முக்கால் மணி நேரம் வெளியே வைத்துவிடுங்கள். எனக்கு அன்று முதல் சில வாணங்கள் பனிமூட்டத்துக்குள்தான் வெடித்தன.

கரையில் வலையை மடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என் ட்ரைபொட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, காத்து இப்ப கரையில இருந்துதான் போகுது. தெப்பம் வந்து சேருற இடத்துக்குப் போங்கோ, முதுகில காத்துப் படுற மாதிரி நில்லுங்கோ. புகை கடலுக்குப் போயிடும்." இரவில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் குளிர்வதால் வீசும் கரைக்காற்று அது. புகை நம் பக்கம் வந்தால் எந்த லென்ஸும் உதவாது, பத்தாவது வாணத்துக்குள் எல்லாம் சாம்பல் மேகம்தான். அவர் சொன்ன இடத்துக்கே போனோம்.

அங்கே எண்ணிப் பார்த்தேன். ஒன்று சொல்லி முடிக்க முன்னமே சத்தம் வந்துவிட்டது. 24 மி.மீ., நெடுக்கு. இப்போது வாணம் படத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிறைந்தது. வெடியை எண்ணி ஷட்டரை அழுத்துவதில்லை. அடியில் 'சர்' என்று ஏறும் சத்தம் கேட்டதும் திறந்துவிட வேண்டும், அப்போதுதான் தண்டும் பூவும் சேர்ந்து வரும். ஃபோகஸை ஒரு தடவை தூரத்து விளக்கில் கையால் சரிசெய்து, பிறகு தொடாமல் விட்டேன். அகல லென்ஸின் பெரிய தயவு இது: 24 மி.மீ.யில் எஃப் 8 வைத்து இரண்டரை மீட்டரில் ஃபோகஸ் செய்தால், ஒன்றேகால் மீட்டரில் நிற்பவரின் தலைமுடியும் கூர்மையாக இருக்கும், வானமும் கூர்மையாக இருக்கும்.

அகலம் கூடக் கூட ஓரங்கள் இழுபடும். 16இல் படத்தின் மூலைக்குப் போன வாணம் உருண்டையாக வராது, முட்டையாக வரும். கமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் தென்னைகள் எல்லாம் நடுவை நோக்கிக் குடைசாயும். டிஸ்னிலாண்டில் எடுத்த படங்களிலும் கோட்டையின் கூம்புகள் உள்ளே சரிந்திருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். கமராவை நிமிர்த்தி மட்டமாக வைத்து, நெடுக்காகப் பிடித்து, வாணத்தை மேல் நடுவில் வாங்கினால் இந்த இழுபறி பெரிதாகத் தெரியாது. கடல் அடிவானம் சரிந்தால் மட்டும் மன்னிப்பே இல்லை, தண்ணீர் வழிந்து ஓடுவது போல் இருக்கும்.

பாரிஸில் கோட்டைக்கு விளக்கு இருந்தது என்று சொன்னேனே, இங்கே மலை இருட்டு. அப்படியானால் படத்தின் கீழ்ப்பாதியில் எதை வைப்பது? வெறும் மணலை வைத்தால் கறுப்புப் பட்டைதான் மிஞ்சும். வெளிச்சம் உள்ள எதையாவது கிட்டப் போய்ப் பிடிக்க வேண்டும். கச்சான் கடைக்காரரின் விளக்கு, கற்பூரத் தட்டு ஏந்தி நின்ற அம்மா, இடுப்பளவு தண்ணீரில் தெப்பத்துக்காகக் காத்து நின்ற பொடியன்கள். அகல லென்ஸ் கிட்ட இருப்பதைப் பெரிதாக்கித் தூர இருப்பதைச் சின்னதாக்கும். அதன் குணம் அது. குணத்தோடு ஒத்துப்போனால் அள்ளித் தரும்.

நாதஸ்வரச் சத்தம் முதலில் வந்தது. பிறகு வண்ண விளக்குகளோடு தெப்பம். கரைக்கு நாற்பது மீட்டருக்குள் வந்ததும் ட்ரைபொட்டை மச்சானிடம் கொடுத்துவிட்டு 16-35ஐ மாட்டினேன். எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ. 3200, ஷட்டர் நொடியில் அறுபதில் ஒரு பங்கு, கமரா கையில். அந்தப் பெரிய துளைக்குக் கொடுத்த காசு இந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான். "அரோகரா" என்று சனம் தண்ணீருக்குள் இறங்கியது. நானும் முழங்கால்வரை இறங்கினேன்.

கடைசி வாணத்தைத் தலைக்கு நேர்மேலே விட்டார்கள். வெளிச்சமும் சத்தமும் ஒன்றாகவே விழுந்தன, நெஞ்சுக்குள் அதிர்ந்தது. எண்ண இடமில்லை. தெப்பத்தின் விளக்கில் முகங்கள் எல்லாம் பொன்னிறமாக அண்ணாந்திருக்க, மேலே வெள்ளிப் பொறிகள் கொட்டுகின்றன. அந்தப் படத்தை அச்சிட்டு மாமாவுக்கு அனுப்பினேன். ஓரத்தில் நின்றால் முகம் நீண்டுவிடும் என்று, எடுப்பதற்கு முன் அவரை இரண்டு அடி நடுப்பக்கம் வரச் சொல்லியிருந்தேன். படத்தில் அவர் வாய் லேசாகத் திறந்திருக்கிறது, கை கூப்பியபடி.